மஞ்சள் உறையில் வந்த கடிதங்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே தபாற்காரரின் சைக்கிள் மணி படலையில் ஒலித்த காலங்களில், கடிதத்தைப் பிரிக்குமுன்பே அதனை எழுதியவர் யாரென்பது வீட்டாருக்குத் தெரிந்துவிடும். உறையின்மேல் விலாசம் எழுதப்பட்டிருக்கும் பாங்கு ஒன்றே போதும். எழுத்துக்கள் வலப்புறம் சரிந்து ஓடினால் அது கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் மூத்த மகன். அச்சில் வார்த்தாற்போல நிமிர்ந்து நின்றால் அது வாத்தியார் பெரியப்பா. ஓரெழுத்து மற்றதைத் தொடாது, பெரிது பெரிதாகத் தனித்து நின்றால் அது ஊரிலிருக்கும் அம்மம்மா. ‘லை’, ‘னை’ என்னும் எழுத்துக்களைப் பழைய முறைப்படி தும்பிக்கை தூக்கிய யானைபோல எழுதிய தலைமுறையினரின் கையை இப்போதும் நாம் எளிதில் இனங்காணலாம். சொல்லைப் படிப்பதற்கு முன் கண்ணானது ஆளைப் படித்துவிடுகின்றது.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பகுதிக்குக் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. தகப்பன் வயலிலும் தாய் ஊரிலும், பிள்ளைகள் படிப்பின் பொருட்டு வேறோர் இடத்திலுமாக அவை பிரிந்து வாழ்ந்தன. விதைப்பு, அரிவி வெட்டு, சூடடிப்பு என்ற செய்திகளெல்லாம் கடிதத்திலேயே போய்வந்தன. மேலே ஒரு பிள்ளையார் சுழி. வலப்பக்க மூலையில் ஊரும் திகதியும். பின்னர் சுகம் விசாரித்தல். இந்த ஒழுங்கு எல்லார் கடிதத்திலும் ஒன்றே. ஆயினும் இரண்டு கடிதங்கள் ஒன்றுபோல இருந்ததில்லை.

சாதாரண மனிதர் கடிதமே இவ்வாறு ஆளைக் காட்டுமாயின், கண்ணையும் கையையுமே தொழிலாகக் கொண்ட ஓவியர் ஒருவர் எழுதும் கடிதம் எப்படியிருக்கும்? இவ்வினாவுக்கு உலகிலே மிகப் பெரிய விடையாக இருப்பவை ஓர் ஒல்லாந்தருடைய கடிதங்கள். ஒல்லாந்தர் என்றதும் நம்மவர்க்கு முல்லைத்தீவுக் கோட்டையும், காணிகளையும் ஆட்களையும் பதிந்துவைத்த தோம்பேடுகளும் நினைவுக்கு வரும். அந்நாட்டிலே 1853 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் திகதி, ஒரு சிற்றூர்ப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் வின்சென்ற் வான் கோ. சூரியகாந்திப் பூக்களையும், சுழன்றெரியும் நட்சத்திரங்களையும் வரைந்தவர் என்று மாணவர்கள் அவரை அறிவர். அவர் எழுதிய கடிதங்களுள் இன்று நம் கைக்கு எட்டியிருப்பவை 819. அவற்றுள் 650க்கு மேற்பட்டவை ஒரே ஒருவருக்கு எழுதப்பட்டவை. அவர்தாம் நான்கு வயது இளைய தம்பி தியோ.

முதற் கடிதம் 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதியது. அண்ணனுக்கு வயது பத்தொன்பது, தம்பிக்குப் பதினைந்து. ஹேக் நகரத்திலே ஓவியங்களை விற்கும் கூப்பில் என்னும் வியாபார நிலையமொன்றில் வின்சென்ற் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். தம்பி வந்து சில நாள் தங்கிவிட்டுப் போனபின் உண்டான வெறுமையே அக்கடிதத்துக்குக் காரணம். அன்று தொடங்கிய எழுத்து பதினெட்டு ஆண்டுகள் ஓடிற்று. இடையிலே ஓர் இடைவெளியுண்டு. 1886 முதல் 1888 வரை அண்ணனும் தம்பியும் பாரிஸ் நகரத்தில் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஆதலால் ஒருவருக்கொருவர் எழுதவேண்டிய தேவை இல்லாதொழிந்தது. ஓவியருடைய வாழ்விலே மிகக் குறைவாக அறியப்பட்ட காலம் அந்த இரண்டாண்டுகளேயென்று ஆராய்ச்சியாளர் குறைப்படுவர். சேர்ந்திருந்த காலம் இருளில் மறைய, பிரிந்திருந்த காலமெல்லாம் நமக்கு வெளிச்சமாகத் தெரிகின்றது. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய வீட்டார்க்கு இது புதிய செய்தியன்று.

நிற்க. இனி அக்கடிதங்களின் தோற்றத்தை நோக்குவோம்.

இளமைக் கடிதங்களிலே எழுத்து ஒழுங்காகவும் பணிவாகவும் இருக்கின்றது. கந்தோரில் எழுதிப் பழகிய கை. பிறகு அவருக்குச் சமய வைராக்கியம் தலைக்கேறியது. அக்காலத்துத் தாள்களில் வேதாகம வாசகங்கள் நெருங்கி நெருங்கி நிறைகின்றன. வெற்றிடம் விடுவதே பாவமென்று எண்ணினார்போலும். உபதேசியாகிச் சுரங்கத் தொழிலாளரிடையே வாழ்ந்து, அவ்வேலையும் நிலைக்காமற்போக, ஏறத்தாழ இருபத்தேழாம் வயதிலேதான் ஓவியனாவதென்று அவர் உறுதிகொண்டார். அதன் பின்னர் கடிதமும் மாறிவிட்டது. வரிகளுக்கு நடுவே சிறுசிறு படங்கள் தலைகாட்டத் தொடங்கின. வரைந்து முடித்த, அல்லது வரைந்துகொண்டிருக்கின்ற ஓவியம் எப்படிப்பட்டதென்பதைத் தம்பிக்குக் காட்ட வேறு வழியில்லை. புகைப்படம் எடுத்து அனுப்புவது அக்காலத்து வறிய ஓவியன் ஒருவனுக்கு எட்டாத காரியம். ஆகவே பேனையை எடுத்து, எழுதிய அதே மையினால், எழுதிய அதே தாளில், ஓர் உள்ளங்கை அகலத்தில் வரைந்துவிடுவார். இத்தகைய கடிதச் சித்திரங்கள் இருநூறுக்கு மேல் உண்டு.

இவற்றை அழகுக்காகச் செய்த அலங்காரமென்று கருதுதல் பிழையாகும். 1882 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். தூரத்துப் பொருள்களையும் அண்மைப் பொருள்களையும் அளவு பிசகாமல் வரைவதற்காக, குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையுமாக நூல் கட்டிய ஒரு சட்டத்தை அவர் செய்வித்திருந்தார். மேடு பள்ளமான கடற்கரை மணலிலும் அது சரிந்துவிடாமல் நிற்பதற்கு இரண்டு நீண்ட கால்கள். இதைச் சொல்லால் விளக்கப் புகுந்தால் ஒரு பக்கம் போதாது; கேட்பவனுக்கும் தலை சுற்றும். அவரோ சட்டத்தை அப்படியே வரைந்து காட்டிவிட்டார். கலப்பையில் முறிந்த பாகத்தை நகரத்திலிருந்து வாங்கிவரச் சொல்லும் கமக்காரர் ஒருவர், கடிதத்தின் அடியில் அதன் வடிவத்தை வரைந்து அனுப்புவதில்லையா? அது போன்றதே இதுவும். தேவை பிறந்த இடத்தில் பிறந்த படம். அதனாலேயே அதற்கு உயிர் அதிகம்.

1888 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அவர் பாரிஸை விட்டுத் தென்பிரான்சிலுள்ள ஆர்ல் என்னும் ஊருக்குப் போனார். வெயில் காயும் நிலம், வயல்வெளிகள், கால்வாய்கள். அங்கே விளையும் நாணலைச் சீவிக் கூராக்கி மையில் தோய்த்து வரைந்தார். நாணற் பேனை உருக்குப் பேனை போன்றதன்று. மையை அதிகம் தாங்காது. ஆகவே நீண்ட கோடு இழுக்க விடாது. குத்தும், வெட்டும், சிறு கீறுமாகவே அது நடக்கும். அவருடைய ஆர்ல் காலத்துப் பேனைச் சித்திரங்களில் புல்லும் கதிரும் வானமும் புள்ளியும் கீறுமாகத் துடிப்பதற்கு இக்கருவியும் ஒரு காரணம். குளக்கரை நாணலைப் பார்த்து வளரும் நம் மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். செலவு ஒரு சதமும் இல்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் நடுப்பகுதியிலே எழுதப்பட்ட ஒரு கடிதமே நம் கட்டுரைக்கு நடுநாயகமானது. ஆர்லிலே வாடகைக்கு எடுத்த சிறிய வீட்டில் தமது படுக்கையறையை அவர் ஓவியமாக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டில், இரண்டு கதிரைகள், ஒரு மேசை, சாளரம், சுவரிலே தொங்கும் படங்கள், இவ்வளவே. கடிதத்தில் அவ்வறை முழுவதையும் கறுப்பு மையில் வரைந்திருக்கின்றார். ஆனால் மைக்கு நிறமில்லையே! எனவே நிறங்களைச் சொல்லால் பூசுகின்றார். சுவர் இளமையான ஊதா நிறம், நிலம் செந்நிற ஓடு, கட்டிலும் கதிரைகளும் புதிய வெண்ணெயின் மஞ்சள், போர்வை கடுஞ்சிவப்பு, சாளரம் பச்சை, முகங்கழுவும் பாத்திரம் நீலம் என ஒவ்வொன்றாக அடுக்குகின்றார். தம்பி பாரிஸிலே அமர்ந்துகொண்டு இவற்றைப் படித்து, தன் மனத்திலே அந்த ஓவியத்துக்கு நிறந்தீட்டிக்கொள்ள வேண்டும். சில நாட்களுள் கோகான் என்னும் நண்பருக்கும் இதே அறையை வரைந்து எழுதினார்.

இக்கடிதத்துக்கு அவர் எண்ணியும் பார்த்திராத பயன் ஒன்று பிற்காலத்தில் வாய்த்தது. அந்த ஓவியத்தை இன்று பார்ப்பவர்க்குச் சுவர்கள் நீலமாகவே தோன்றுகின்றன. கடிதமோ ஊதா என்கின்றது. எது சரி? நிறப்பொருள்களை ஆராய்ந்த அறிஞர்கள் விடை கண்டனர். ஊதா என்பது நீலமுஞ் சிவப்பும் சேர்ந்த கலவை. அவர் வாங்கிய செந்நிறச் சாயம் ஒளி பட்டுப் பட்டு நூறாண்டிற்குள் மங்கிப்போயிற்று. நீலம் மட்டும் எஞ்சி நின்றது. ஓவியம் மாறிவிட்டது, கடிதம் மாறவில்லை. விலைமதிக்க முடியாத ஓவியத்துக்குச் சில சதம் பெறுமதியான தபால் தாள் சாட்சி சொல்லிற்று என்பதை எண்ணுந்தோறும் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

கடிதத்தின் உள்ளே இருக்கும் மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். வின்சென்ற் வாழ்நாளில் தம் ஓவியங்களால் உழைத்துச் சீவித்தவர் அல்லர். மாதந்தோறும் தம்பி அனுப்பும் பணமே அவருக்குச் சோறும் கூரையும் வர்ணமுமாயிற்று. கடிதம் பெரும்பாலும் பணம் வந்து சேர்ந்ததென்ற நன்றியோடு தொடங்கும். வர்ணக்குழாய்கள் இத்தனை வேண்டும், திரைத்துணி இவ்வளவு வேண்டும் என்ற கணக்கும் நடுவே வரும். இவ்வாறு தம்பியின் கையை எதிர்பார்த்திருப்பது மூத்தவனுக்கு எத்துணைக் கூச்சம் தரும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூச்சமும், சிலவேளை கோபமும், பின்னர் வருத்தமும் கடிதங்களிலே ஒளிவின்றிக் கிடக்கின்றன. ஓவியர் கடிதங்கள் என்றால் கலைத்தத்துவம் மட்டுமே இருக்குமென்று எண்ணி அவற்றைக் கையிலெடுப்பவர் ஏமாறுவர். கடன், பசி, பல்வலி எல்லாம் அங்கே உண்டு. முடிக்கும்போது, தூரத்திலிருந்தே கையைப் பற்றிக் குலுக்குவதாகச் சொல்லித் தம் முதற்பெயரை மட்டும் எழுதுவார். ஓவியங்களிலும் அதே ‘வின்சென்ற்’ தான். கடிதத்தில் தம்பிக்கு இட்ட கையெழுத்தையே உலகத்துக்கும் இட்டார்.

ஆர்லிலே அவருக்கு வாய்த்த நெருங்கிய நண்பர் யாரென நினைக்கின்றீர்கள்? யோசெப் ரூலின் என்னும் தபால் ஊழியர்! புகையிரத நிலையத்திலே தபால்மூட்டைகளைப் பொறுப்பேற்றவர். நீலச் சீருடையும் பெரிய தாடியுமாக அவரை வின்சென்ற் பலமுறை வரைந்திருக்கின்றார். ஓவியர் நோயுற்று வைத்தியசாலையில் கிடந்தபோது, தியோவுக்கு நிலைமையை எழுதி அறிவித்தவர்களுள் இவரும் ஒருவர். பிறர் கடிதங்களைச் சுமந்தவரே தாமும் பேனை எடுக்க நேர்ந்தது.

இதுவரை எழுதியவரைப் பற்றிச் சொன்னோம். நம் மனத்தை அதிகம் கவருபவர்கள் வைத்திருந்தவர்கள்.

வின்சென்ற் தமக்கு வந்த கடிதங்களைப் பேணும் பழக்கம் உடையவரல்லர். ஊர் ஊராக அலைந்தவர். பெட்டி படுக்கையே நிலையில்லை. எழுதியவர் யாராயினும் சரி, அவருக்கு வந்தவற்றுள் எஞ்சியவை 83 மட்டுமே. தம்பி தியோ அப்படியல்லர். வந்த கடிதங்களை ஒரு சிறிய எழுதுமேசையின் இழுப்பறையிலே போட்டு வைத்தார். 1889 ஆம் ஆண்டு ஏப்ரலிலே தியோவுக்கு மனைவியாகிப் பாரிஸ் வீட்டுக்குள் நுழைந்த இளம்பெண் யோகான்னா, அந்த இழுப்பறை நிறையக் கடிதங்கள் இருக்கக் கண்டதாகவும், வாரத்துக்கு வாரம் மஞ்சள் நிற உறைகள் வந்து வந்து அதிலே பெருகியதாகவும் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். அடுத்த ஆண்டு சனவரியிலே அவர்களுக்குப் பிறந்த ஆண்குழந்தைக்குப் பெரியப்பாவின் பெயரையே வைத்தனர். அவ்வாண்டு யூலை 29 ஆம் திகதி பெரியப்பா, தாமே தமக்கு ஏற்படுத்திக்கொண்ட குண்டுக் காயத்தால், ஒவேர் என்னும் ஊரிலே இறந்தார். அரையாண்டு கழியுமுன், 1891 சனவரி 25 ஆம் திகதி, தியோவும் மறைந்தார்.

இருபத்தெட்டு வயது விதவை. கையில் ஒரு வயதுக் குழந்தை. விலைபோகாத நூற்றுக்கணக்கான ஓவியங்கள். ஒரு குவியல் கடிதங்கள். அவற்றையெல்லாம் தள்ளிவிடும்படி புத்திமதி கூறியவர்களும் இருந்தனர். யோகான்னா ஒல்லாந்துக்குத் திரும்பி, ஒரு சிற்றூரிலே தங்குமனை நடத்திச் சீவித்தார். பகலெல்லாம் வீட்டு வேலை. இரவானதும் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு விளக்கடியில் கடிதங்களைப் பிரித்துப் படித்தார். முதலில் அவர் தேடியது மைத்துனரை அன்று, இறந்துபோன கணவரை. கணவர் எழுதிய பதில்கள் அநேகமாக அழிந்துவிட்டமையால், அண்ணனுடைய வரிகளுக்கூடாகவே அவரைக் காணவேண்டியிருந்தது.

கடிதங்களில் பெரும்பாலானவற்றில் திகதி கிடையாது! வின்சென்றுக்குத் திகதி இடும் வழக்கம் மெல்ல மெல்ல அற்றுப்போயிருந்தது. ஒரு கடிதத்தில் மரங்கள் பூத்திருப்பதாக வரும். மற்றொன்றில் கதிர் முற்றியதாக வரும். இன்னொன்றில் ஓர் ஓவியம் முடிந்ததாக வரும். இவற்றைக் கொண்டு முன்னது எது, பின்னது எது என்று கோத்தெடுக்க யோகான்னாவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1914 ஆம் ஆண்டிலேதான் மூன்று பாகங்களாக அவை அச்சேறின. அதற்குள் ஓவியங்களும் கண்காட்சி கண்காட்சியாகச் சென்று புகழடைந்திருந்தன. ஓவியருக்குப் புகழ் வரும்வரை கடிதங்களை வெளியிடாமல் பொறுத்திருந்ததிலே அவருடைய விவேகத்தைக் காண்கின்றோம். அவசரப்பட்டு வெளியிட்டிருந்தால் ஒரு துன்பக் கதையைத்தான் உலகம் வாசித்திருக்கும். 1925 இல் தாம் இறக்கும்வரை அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அவர் மகன் எல்லாவற்றையும் சிதறவிடாது காத்து, 1973 இல் அம்ஸ்ரர்டாம் நகரத்தில் திறக்கப்பட்ட வான் கோ அரும்பொருட்சாலைக்கு அவை சேர வழிசெய்தார். அங்கே கடிதங்கள் இருட்டறையிலே பேணப்படுகின்றன. அன்று கறுத்திருந்த மை இன்று பழுப்பேறிவிட்டது. வெளிச்சம் பட்டால் இன்னும் மங்குமென்று அவற்றை அடிக்கடி காட்சிக்கு வைப்பதில்லை.

ஓவியர் கடிதமென்னும் செல்வம் மேனாட்டாருக்கே உரியதென்று நினைக்கவேண்டாம். சாந்திநிகேதனத்திலே கலாபவனத்தை வளர்த்தெடுத்த நந்தலால் போஸ் (1882–1966) தபாலட்டைகளிலே சித்திரம் எழுதி மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்புவதை வாழ்நாள் வழக்கமாகக் கொண்டிருந்தார். இந்திய அரசியலமைப்பின் மூலப்பிரதிக்குச் சித்திரவேலை செய்வித்த அதே பெரியவர், ஒரு சிறு அட்டையின் மேல் நாலைந்து கீற்றில் ஒரு மரத்தையோ வழிப்போக்கனையோ நிறுத்தி, தபால்பெட்டியிற் போட்டுவிடுவார். தபாலட்டைக்கு உறை இல்லை. கொண்டுவருபவர் முதல் அயல்வீட்டார் வரை எல்லாரும் பார்க்கலாம். அரும்பொருட்சாலையின் கண்ணாடிப்பெட்டியிலும் இது நல்லதொரு கண்காட்சியென்றே நமக்குத் தோன்றுகின்றது.

தமிழெழுத்தே ஓவியத்துக்கு வெகு அண்மையில் நிற்பது. ஓலையிலே எழுத்தாணியால் எழுதிப் பழகிய வளைவுகளும் சுழிகளும் அதிலே இன்னும் உள்ளன. திருச்சி மாவட்டத்திலே பிறந்து சென்னையில் வாழ்ந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) இதனை நன்கு உணர்ந்தவர். காந்தியடிகளைக் கோட்டுச் சித்திரங்களாக வரைந்த அதே கோட்டினால் தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் தலைப்பெழுத்து எழுதினார். அச்செழுத்தின் விறைப்பு நீங்கி, எழுத்துக்கள் ஆட்களைப்போலக் குனிந்தும் நிமிர்ந்தும் நின்றன. அந்நூல்களைத் தூரத்தில் கண்டாலும் இன்னாரது கை என்று வாசகர்கள் கூறிவிடுவர். உறையைக் கண்டதும் பெரியப்பாவை அறிந்த அதே வித்தைதான்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். 1995 ஒக்டோபர் இறுதியிலே யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்களுள் பெருந்தொகையினர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். தொலைபேசி இல்லாத காலம். அப்போது கடிதம் எழுதாதவர் யார்? கொப்பியின் நடு ஒற்றையைக் கழற்றி இருபுறமும் நெருக்கி எழுதி, வவுனியாவுக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நீலநிற விமானத் தபால் தாள்களிலே நாற்புற ஓரமும் எழுத்தால் நிறைந்திருக்கும். கடைசி வரியைப் படிக்கத் தாளைச் சுற்றவேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் போய்வந்த செய்தித்தாள்கள் உறையின்றித் திறந்திருந்தன. குடும்பச் செய்தி தவிர வேறொன்றும் எழுதலாகாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயும் ஒரு குழந்தையின் கையை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து அனுப்பிய தாய்மாருண்டு. பேரப்பிள்ளையின் கை எவ்வளவு வளர்ந்திருக்கின்றதென்று பாட்டி தன் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கலாமல்லவா? வின்சென்றின் படுக்கையறைப் படத்துக்கும் இந்தக் கைப்படத்துக்கும் நோக்கம் ஒன்றே.

அந்தக் கடிதங்கள் இன்று எங்கே? 2008 இலும் 2009 இன் முதல் மாதங்களிலும் மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையை நோக்கி நகர்ந்தபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி ஒவ்வோரிடத்திலும் எழுந்தது. அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, காணியுறுதி ஆகியவை மடியிலே ஏறின. தகரப்பெட்டியிலிருந்த பழைய கடிதக்கட்டு பெரும்பாலும் பின்னே நின்றது. சிலர் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போயினர். திரும்பி வந்தபோது அடையாளம் வைத்த மரமே இருக்கவில்லை. அதே 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, பதினைந்து ஆண்டு உழைப்பின் பயனாக வான் கோ கடிதங்களின் முழுப்பதிப்பு ஆறு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு மனிதனின் ஒவ்வொரு கடிதத்துக்கும், கிழிந்த ஒரு துண்டுக்குங்கூட, குறிப்பும் விளக்கமும் எழுதப்பட்டிருந்தன. இரண்டையும் ஒருங்கு வைத்து நினைக்கையில் பொறாமை எழுவதில் தவறில்லை.

ஓராறுதலும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரக்கலை வரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் சென்று, இழந்த வீட்டின் அமைப்பை ஞாபகத்திலிருந்து கையால் வரைந்து தரும்படி கேட்டார். ஓவியப் பயிற்சியில்லாதவர்கள் வரைந்தார்கள்: அறைகள், அடுப்படி, கிணறு, மாமரம். அவற்றையும், அவற்றுக்கு எதிரே தம் சித்திரங்களையும் சேர்த்து, ஒல்லாந்தர் காலத்துத் தோம்பை நினைவூட்டும் பெயரிலே 2011 இல் ஒரு நூலாக்கினார். நடுங்கும் கோடுகள்தாம், ஆயினும் கட்டடக்கலைஞரின் நேர்கோட்டுப் படத்தை அருகில் வைத்தால், எந்தக் கோட்டிலே வீடு இருக்கின்றதென்பது தெரிந்துவிடும்.

எஞ்சியிருக்கும் கடிதங்களைப் பேண விரும்பும் வீட்டார்க்கும் மாணவர்க்கும் சில வார்த்தை. கிழிந்த தாளுக்குப் பசைநாடா ஒட்டவேண்டாம். காலப்போக்கில் அது மஞ்சளித்து, எழுத்தையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டுவிக்கவும் வேண்டாம். பின்னர் பிரிக்க முடியாது. சுவரில் மாட்டினால் வெயில் மையை வெளுக்கச் செய்யும். மடிப்பை நீவி, சுத்தமான தாளுறையிலிட்டு, ஈரமுங் கறையானும் எட்டாத இடத்தில் வைத்தாற் போதுமானது. படம்பிடித்தும் வைக்கலாம், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் துணையையும் நாடலாம். ஆனால் படம் எடுத்தாயிற்றென்று தாளை எறிந்துவிடலாகாது. பேனை அழுந்திய பள்ளத்தையும், கண்ணீரோ மழையோ பட்ட கறையையும் விரலாலே தடவிப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று: யார், யாருக்கு, எப்போது எழுதியது என்பதைத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, உறையின்மேல் பென்சிலால் குறித்துவிடுங்கள். தியோ அப்படிச் செய்த கடிதம் ஒன்றுண்டு. 1890 யூலை 23 ஆம் திகதி, தோட்டமும் கூரைவீடுகளும் வயல்களுமாகப் படங்கள் வரைந்து வின்சென்ற் அனுப்பியதே அவரது கையிலிருந்து தபாலில் போன கடைசிக் கடிதம். அதற்கென முதலில் எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்ட தாளொன்றும் இருந்தது. சுட்டுக்கொண்ட அன்று அது அவரிடம் காணப்பட்டது. அனுப்பாத அக்கடிதத்திலே, அண்ணனது கையெழுத்துக்கு அருகில் தம்பியின் கையெழுத்தும் இருக்கின்றது. 27 யூலையில் அவரிடமிருந்த கடிதம் இது என்பதே அங்கே தியோ எழுதிவைத்த குறிப்பு.